கம்ப்யூட்டர் பக்கம் பேசிய பெட்டி வக்கீல்

பிள்ளைகளே, கொச்சியில் எங்கள் மட்டாஞ்சேரி முழுக்கத் தேடினாலும், மனிதர்களை அவமானப்படுத்துவதில் பெட்டி வக்கீலை மிஞ்ச ஓர் ஆள் கிடைக்க மாட்டார். அவருக்குக் கறுப்புக் கோட்டு கிடையாது. கோர்ட்டு வாசலை மிதித்ததும் கிடையாது. கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்வதுதான் வேலை. ஆனால் கெட்டுப்போன எந்தக் கம்ப்யூட்டரையும் அவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. எப்போதும் பெட்டியின் கட்சிதான். பெட்டிக்குச் சொந்தக்காரன்தான் எதிர்க்கட்சி. அதனால் கடைவீதி அவருக்குப் பெட்டி வக்கீல் என்று பெயர் வைத்தது. சொந்தப் பெயர் கடைப் பலகையில் இருந்தது. அதை மழை அழித்துவிட்டது. அவரும் திரும்ப எழுதவில்லை.

ஒரு தையல் கடையில் கம்ப்யூட்டர் தினமும் நாலைந்து தடவை செத்துச் செத்துப் பிழைத்தது. வக்கீல் போனார். பெட்டியைத் திறக்கவே இல்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து தையல்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். தையல்காரர் இஸ்திரிப் பெட்டியைப் போட்டதும் கம்ப்யூட்டர் அணைந்தது. இரண்டுக்கும் ஒரே பிளக்.

"ஒரு இலையில ரெண்டு பேருக்குச் சோறு போட்டுட்டு, ஒருத்தன் மெலிஞ்சா அவனையே திட்டுவீங்களா?" என்று கேட்டார். அளவெடுக்க வந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். தையல்காரர் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

ஒரு சாயாக்கடையில் பில் போடும் கம்ப்யூட்டர் மத்தியானம் ஆனால் நின்றுவிடும். பெட்டியின் பின்பக்கம் சூடான காற்று வருகிற ஓட்டையில், அந்தக் கடைப் பூனை வயிற்றை வைத்து அடைத்துக்கொண்டு தூங்கியது. கடைக்காரர் பூனையை விரட்டப் போனார். வக்கீல் குறுக்கே விழுந்தார். "பூனைக்குக் குளிருது. அதுக்கு ஒரு சாக்கு விரிச்சுக் கொடுக்காதது யாரு? நீங்க!" என்று பூனைக்கும் சேர்த்து வாதாடினார்.

கம்ப்யூட்டரை யாராவது தட்டினால் போச்சு. தட்டியவர் அதனிடம் மன்னிப்புக் கேட்கும்வரை அவர் பையைத் திறக்க மாட்டார். கல்யாண மண்டபம் வைத்திருக்கிற பெரிய மனிதர் ஒருவர், வேலைக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு தகரப் பெட்டியிடம் "ஸாரி" சொன்னாராம். சொன்ன பிறகும் வக்கீல், "உரக்கச் சொல்லணும், ஃபேன் சத்தத்துல அதுக்குக் கேக்கல" என்றாராம்.

இப்படிப்பட்ட மனிதரை நானாக வீட்டுக்குள் விடுவேனா? விட வேண்டி வந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன். சொல்லும்போது இப்போதும் எனக்கு மூச்சு வாங்குகிறது.

நான் சுக்குக் கிடங்கில் மேற்பார்வை பார்க்கிறவன். மூட்டையில் ஈரம் ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. எங்கள் மகள் நசீமாவின் படிப்புக்காக ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தேன். அவள் பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்கு ஒரு வேலை செய்துகொண்டிருந்தாள். கும்பளங்கியில் இருக்கும் அவள் சின்னம்மா வீட்டு முற்றத்தில், கடல் ஏறுகிற நாளில் தண்ணீர் வந்துவிடும். எந்த நாள், எத்தனை மணிக்கு, எத்தனையாவது படிவரை வந்தது என்று தினமும் போனில் கேட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றி, கோடு கோடாகப் படம் போடுவாள். இனி எப்போது தண்ணீர் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அதுதான் அவள் ஆசை.

அந்தக் கம்ப்யூட்டர் அரை மணி நேரமோ முக்கால் மணி நேரமோ ஓடும். பிறகு ஒரு 'டக்'. திரை கறுத்துவிடும். உடனே போட்டால் வராது. பத்து நிமிடம் கழித்துப் போட்டால் ஒன்றும் நடக்காததுபோல வரும்.

மூன்று பேரைக் கூப்பிட்டேன். மூவரும் வந்து உட்காரும் முன்பே "வைரஸ்" என்றார்கள். இரண்டு பேர் ஃபார்மட் செய்தார்கள். ஃபார்மட் என்றால் உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது. வீட்டுக்குள் ஒரு பல்லி வந்தது என்று சொன்னால் வீட்டையே இடித்துக் கட்டுவார்களா? இவர்கள் இடித்தார்கள். இரண்டு தடவையும் நசீமாவின் கணக்கெல்லாம் போயிற்று. இரண்டு தடவையும் அவள், சின்னம்மா போனில் அனுப்பிய செய்திகளைத் தேடித் தேடித் திரும்ப ஏற்றினாள். கம்ப்யூட்டர் மறுநாளே பழையபடி 'டக்'.

மூன்றாவது ஆள் கொஞ்சம் யோசித்தான். யோசித்துவிட்டு, "பிள்ளைங்க கேம் விளையாடிக் கெடுத்ததுதான், இக்கா. வேற ஒண்ணுமில்ல" என்றான்.

நான் நம்பினேன். பிள்ளைகளே, முன்பின் தெரியாத ஒருவன் சொன்னதை நம்பினேன், சொந்த மகள் சொன்னதை நம்பவில்லை.

"நான் கேமே விளையாடல அத்தா."

"பின்னே அது நீ உக்காரும்போது மட்டும் ஏன் நிக்குது?"

"நான்தானே அதுல உக்கார்றேன்?"

"எதிர்த்துப் பேசாதே!"

ஆலுவாவில் இருக்கும் என் மச்சான் ஒரு கம்ப்யூட்டர் தேடிக்கொண்டிருந்தார். பெட்டியை அவருக்கே கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். நசீமா அழவில்லை. நோட்டுப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை.

என் மனைவி ஜமீலாதான், "கடைசியா அந்த வக்கீலை ஒரு தரம் கூப்பிட்டுப் பாருங்களேன்" என்றாள். "மூணு வாரம் தர்றேன். மூணாவது ஞாயித்துக்கிழமை மச்சான் வண்டியோட வருவாரு. அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது" என்றேன்.

எங்கள் வீட்டுக்கு ஒரு வெளி ஆள் வருகிறார் என்றால் அரை மணி நேரம் ஒரே அமளி. பெருக்கித் துடைத்து, போர்த்தி வைத்ததையெல்லாம் எடுத்து மடித்து, நல்ல கோப்பைகளை வெளியே வைத்து, கல்யாண வீடுபோல ஆக்கிவிடுவோம். வக்கீலுக்கும் அப்படித்தான் செய்தோம். அந்த மரியாதைக்கு அவர் என்ன செய்தார் தெரியுமா? எனக்கு ஸலாம்கூடச் சொல்லாமல் நேரே பெட்டியிடம் போய், அதன் தலையில் கையை வைத்து, "இந்த ராவுத்தர் உன்னை என்னடா பண்ணினாரு?" என்று கேட்டார்.

நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்!

பிறகு விசாரணை ஆரம்பித்தது. "நிக்கும்போது திரை நீலமா, கறுப்பா? எழுத்து ஏதாவது வருதா? படம் அப்படியே உறைஞ்சு நிக்குதா, மொத்தமா அணையுதா? தானா எழுந்திரிக்குதா, தூக்கி விடணுமா?" நான் பதில் சொல்ல வாயைத் திறந்தால், "உங்ககிட்ட கேக்கல. தினமும் கூட இருக்கிறது யாரு? மோளே, நீ சொல்லு" என்பார். நசீமா ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"அணைஞ்சு, பத்து நிமிஷம் கழிச்சு வருதுன்னா அது சூடு. ஆறினா வருது. கேஸ் முடிஞ்சுது" என்றார். பெட்டியைத் திறந்தார். கொஞ்சம் தூசி இருந்தது, ஊதி எடுத்தார். ஃபேன் சுற்றியது. இரண்டு மணி நேரம் ஓட விட்டார். திரையில் சூட்டின் அளவைக் காட்டும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். எண் ஏறவே இல்லை. கம்ப்யூட்டர் நிற்கவும் இல்லை.

வக்கீலின் முகம் தொங்கிவிட்டது. "சூடு குத்தவாளி இல்ல. விடுதலை" என்றார்.

"நீங்க வந்தா மட்டும் ஒழுங்கா ஓடுதே!" என்றேன்.

"அதுக்கு என்னைப் பிடிக்கும்" என்றார். அப்போ என்னைப் பிடிக்காது என்றுதானே அர்த்தம்?

மறுநாள் நசீமா உட்கார்ந்தாள். முப்பத்தைந்தாவது நிமிடம் 'டக்'.

அன்றிலிருந்து வக்கீல் ஒரு சட்டம் போட்டார். ஒரு நோட்டில் தினமும் எழுத வேண்டும். எத்தனை மணிக்குப் போட்டது, எத்தனை மணிக்கு நின்றது, அப்போது வீட்டில் மிக்ஸி ஓடியதா, மழை பெய்ததா, யார் இருந்தார்கள், எல்லாம். அவர் ஒரு சமயத்தில் ஒரே ஒரு பொருளைத்தான் மாற்றுவார். மாற்றிவிட்டு இரண்டு மூன்று நாள் பார்ப்பார்.

முதலில் ஞாபகத்தை வைத்துக்கொள்ளும் ராம் பட்டையில் ஒன்றைக் கழற்றித் தாளில் சுற்றி, "இவனை நான் கூட்டிட்டுப் போறேன்" என்று கொண்டுபோனார். கம்ப்யூட்டர் நின்றது. அதைத் திருப்பிக் கொண்டுவந்து, இன்னொன்றைக் கொண்டுபோனார். அப்போதும் நின்றது. அடுத்த வாரம் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளையைக் கழற்றிவிட்டுத் தன் கடையிலிருந்த நல்ல ஒன்றை மாட்டினார். நின்றது. பிறகு பிளக்கை மாற்றினார், வயரை மாற்றினார். நின்றது, நின்றது. ஒவ்வொரு தடவையும் முறையாகப் போன் செய்து நேரம் சொல்லிவிட்டு வருவார். நாங்களும் முறையாக வீட்டை ஒழுங்குபடுத்துவோம். அவர் இருக்கும்வரை அந்தப் பெட்டி நல்ல பிள்ளைபோல ஓடும்.

எனக்குப் பொறுக்கவில்லை. "எல்லாத்தையும் ஒண்ணா மாத்தித் தொலைச்சா என்ன?"

"தெருவுல ஒரு செருப்பு காணாமப் போச்சு. தெருவுல உள்ள எல்லாரையும் பிடிச்சு உள்ள போட்டா திருட்டு நிக்கும். அது நியாயமா?"

"எனக்கு நியாயம் வேணாம், கம்ப்யூட்டர் ஓடணும்!"

"அந்தப் புத்தியாலதான் இந்த மோள் இப்படி முகம் வாடி நிக்குது" என்றார். என் வீட்டில், என் நாற்காலியில், என் சாயாவைக் குடித்துக்கொண்டு!

மூன்றாவது சனிக்கிழமை வந்தது. மறுநாள் மச்சான் வருகிற நாள். வக்கீல் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் நோட்டைப் பிடுங்கி ஒவ்வொரு பக்கமாகத் தட்டிக் காட்டினேன். "பாருங்க. நின்னபோதெல்லாம் யாரு உக்காந்திருந்தா? நசீமா. நசீமா. நசீமா. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"ஆஸ்பத்திரியில ஆள் சாகும்போதெல்லாம் பக்கத்துல நர்ஸ்தான் நிக்கும். அப்போ நர்ஸ்தான் கொன்னுதுன்னு எழுதுவீங்களா ராவுத்தரே?"

ஜமீலா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்குக் காது சுட்டது. வக்கீல் நோட்டைத் திரும்ப வாங்கினார். இந்தத் தடவை நின்ற நாட்களைப் பார்க்கவில்லை, நிற்காத நாட்களைப் பார்த்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"ரெண்டு வாரம் முன்னால ஞாயித்துக்கிழமை. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஓடியிருக்கு. அன்னிக்கு என்ன விசேஷம்?"

"கும்பளங்கியில இருந்து சின்னம்மாவும் பிள்ளைகளும் வந்தாங்க" என்றாள் நசீமா.

"இந்தப் புதன்கிழமை?"

"மதரஸா உஸ்தாது வந்தாங்க" என்றாள் ஜமீலா.

"மத்த நாளெல்லாம் நான் வந்த நாள்." வக்கீல் எழுந்துவிட்டார். "ஆள் வந்தா நிக்காது. ஆள் வராட்டி நிக்கும். இந்த வீட்டுல ஆள் வந்தா என்ன பண்ணுவீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

ஜமீலா விரல் விட்டுச் சொன்னாள். "பெருக்குவோம், சேட்டா. தொடைப்போம். சோஃபாவுல போட்ட துணியை எடுப்போம். டீவி உறையை எடுப்போம். கம்ப்யூட்டர் உறையை எடுப்போம். அப்புறம் நல்ல கோப்பை..."

"நிறுத்துங்க."

நிறுத்தினாள்.

"எந்த உறை?"

நான் பெருமையோடு உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்தேன். ஏன் பெருமைப்படக் கூடாது? கிடங்கில் மூட்டை தைக்கும் மிஷினில் நானே தைத்தது. வெளியே சணல், உள்ளே கனமான பிளாஸ்டிக். வயர் போக மட்டும் சதுரமாக ஓர் ஓட்டை. மேலே, மூட்டையில் போடுவதுபோலக் கறுப்பு மையில் ஒரு குடைப் படம். நனையக் கூடாது என்று அதற்கு அர்த்தம். வீட்டுக்கு யாராவது வந்தால் மட்டும் கழற்றுவோம். மற்ற நேரமெல்லாம் திரை மட்டும் வெளியே இருக்கும், பெட்டி அதற்குள்தான் ஓடும்.

வக்கீல் அதை வாங்கி உள்ளே கைவிட்டுப் பார்த்தார். வெளியே எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"ராவுத்தரே, இது கம்ப்யூட்டரா, மூட்டையா?"

"நம்ம ஊரு மழையில ஈரம் அடிக்கும். ஈரம்தான் எதையும் கெடுக்கும். உள்ள சூடு இருந்தா ஈரம் அண்டாது. முப்பது வருஷமா சுக்கு பாக்கிறவன் நான். எனக்குத் தெரியாதா?"

"சுக்குக்குள்ள ஃபேன் இருக்கா?"

நான் உறையை அவர் கையிலிருந்து வாங்கப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"உள்ள இருக்கிற ஃபேன் சூட்டை வெளியே தள்ளுது. நீங்க வெளியே நின்னு வாசலைத் தைச்சு மூடிட்டீங்க. இது உயிருக்குப் பயந்து தானா அணைஞ்சு தப்பிச்சிருக்கு. நான் வந்தப்பெல்லாம் கழட்டி ஒளிச்சு வெச்சு, சாட்சியை அழிச்சு, என் வாயாலேயே சூடு குத்தவாளி இல்லைன்னு சொல்ல வெச்சிட்டீங்களே! மரியாதையாம் மரியாதை! எனக்கு எவன் மரியாதை கேட்டான்?" தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

அத்தோடு விட்டாரா? உறையை எடுத்துப் பெட்டிக்குத் திரும்பப் போட்டார்! "என்ன பண்றீங்க?" என்று நான் பதறினேன். "நிரூபிக்கணும். இல்லாட்டி நாளைக்கு வேற ஏதாவது சொல்லுவீங்க" என்றார். நாங்கள் நாலு பேரும் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். சூட்டின் எண் ஏறியது. பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட நான் அப்படி உட்கார்ந்ததில்லை. முப்பத்தெட்டாவது நிமிடம் 'டக்'.

வக்கீல் கைதட்டினார். உறையை உருவினார். பத்து நிமிடம் ஆற விட்டுத் திரும்பப் போட்டார். சாயங்காலம் வரைக்கும் ஓடியது.

"நான் அப்பவே சொன்னேன்" என்றாள் நசீமா. மெல்லத்தான் சொன்னாள். ஆனால் மூன்று வாரம் அடக்கி வைத்த கோபம் அதில் இருந்தது. "உறை சூடாகுதுன்னு அத்தாகிட்ட மொத வாரமே சொன்னேன். 'சூடு நல்லது, கழட்டாதே'ன்னு சொன்னாங்க."

வக்கீல் அவள் பக்கம் திரும்பினார். நான் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். "சொன்னா போதுமா மோளே? நோட்டுல ஏன் எழுதல?"

"அத்தா பாப்பாங்கன்னு பயந்து எழுதல."

அவர் நோட்டை மூடினார். என்னைப் பார்த்தார். தகரப் பெட்டிக்காகக் கல்யாண மண்டபக்காரரை மன்னிப்புக் கேட்க வைத்த மனிதர், என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பைத் தேடுவதுபோல வாசலில் முதுகைக் காட்டி நின்றார். செருப்பு அவர் காலுக்கு முன்னால்தான் கிடந்தது.

"நசீமா," என்றேன். "தப்பு அத்தா மேலதான். நீ சொன்னது எல்லாம் நிஜம். நான் நம்பியிருக்கணும்."

அவள் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. "அப்போ நாளைக்கு மாமா வந்தா?" என்று கேட்டாள். நான் அங்கேயே ஆலுவாவுக்குப் போன் போட்டேன். மேசையைக் காலி செய்து வைத்திருந்த மச்சான் என்னைத் திட்டிய திட்டை உங்களிடம் சொல்ல முடியாது. நசீமாவுக்கும் கேட்டது. அப்போதுதான் அவள் சிரித்தாள்.

அவள் படம் முடிந்தது. கண்காட்சியிலும் வைத்தாள். கும்பளங்கிச் சின்னம்மா இப்போது தண்ணீர் வருகிற நாளுக்கு முன்பே அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிவிடுகிறாள்.

வக்கீல் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. எப்படி ஆறும்? அந்த உறைக் கதையைக் கடைவீதி முழுக்கச் சொல்லிவிட்டார். கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள்கூட என்னைக் கண்டால், "ராவுத்தரே, மூட்டைக்குள்ள ஃபேன் வெச்சாச்சா?" என்று கேட்கிறார்கள்.

அந்த மனிதர் கடைக்குப் பின்னாலேயே ஓர் அறையில் தனியாக இருக்கிறார். சாயாவுக்கு வாருங்கள் என்றால் வர மாட்டார். "கம்ப்யூட்டர் கேடானா கூப்பிடுங்க, வேற எதுக்கும் எனக்கு நேரமில்ல" என்பார். எங்கள் கம்ப்யூட்டருக்கோ அதற்குப் பிறகு ஒரு தும்மல்கூட வந்ததில்லை.

பொய் சொல்லக் கூடாது, பிள்ளைகளே. நானும் சொல்வதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து சாப்பிட்டபின், ஜமீலா சாயாவோடு தர வாழைப்பழம் நறுக்கிப் பழம்பொரிக்கு மாவு கரைக்கிற நேரம் பார்த்து, நான் அவருக்குப் போன் செய்வேன். "வக்கீலே, திரும்ப நின்னுபோச்சு."

"எத்தனை மணிக்கு நின்னுது?"

"நாலரைக்கு."

"இப்போ மூணேகால்தானே ஆகுது?" என்று சீறுவார். பையை எடுக்கிற சத்தம் கேட்கும். பிறகு, "சரி. நாலரைக்கு முன்னால வந்துடறேன்" என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமைகூட அவர் தாமதமாக வந்ததில்லை.